எழுபதுக்குக் கீழே

அன்று காலை அவர் குறை சொன்னது கருவாட்டைப் பற்றி. வாளைக் கருவாடு ஒரு பக்கம் கருகிவிட்டது என்றார். சொல்லிவிட்டுக் கருகிய பக்கத்தைத்தான் முதலில் தின்றார். பழைய சோற்றுத் தண்ணீரைக் குடித்து முடித்ததும் இடது மணிக்கட்டிலிருந்த பட்டையைக் கழற்றிக் கதவோரத்து ஆணியில் மாட்டினார். பட்டை அழுந்திய இடத்தில் தோல் வெளுத்துத் தடித்திருக்கும். நான் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவிவிட்டேன். "போதும், வழுக்குது, வலை புடிக்கணும்ல" என்று கையை இழுத்துக்கொண்டார். ஆணியில் தொங்கிய பட்டையில் பச்சைப் புள்ளி எரிந்தது. பக்கத்தில் பதினொன்று என்று எண் காட்டியது. பதினொன்று என்றால் தூங்கி எழுந்த மனிதனின் அளவு. எப்போதும் அவருக்கு அப்படித்தான் காட்டும்.

அவர் பெயர் அமிர்தகடேசன். ஊரில் கடேசன் என்பார்கள். நான் குமுதவல்லி.

பட்டை இப்போது எல்லார் கையிலும் இருப்பதால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வந்த புதிதில் நிறையப் பேசினோம். நாடித் துடிப்பு, தோலின் ஈரம், விரல் நடுக்கம் மூன்றையும் வைத்து ஒருவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று அது நூற்றுக்குச் சொல்லும். யார் பெயரும் வெளியே போகாது. வார்டு மக்களின் அளவையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்து ஓர் எண்ணாக ஏலக்கூடத்துப் பலகையில் காட்டுவார்கள். அந்த எண் எழுபதைத் தொட்டால் அரசாங்கம் உடனே நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ஏன் பயந்தீர்கள் என்று கேட்கக் கூடாது. அதுதான் சட்டம். "உங்கள் பயமே எங்களுக்கு உத்தரவு" என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள்.

சட்டம் வரக் காரணம் ஆளில்லாப் படகுகள். கறுப்பாக ஏதோ ஒன்று அலையில் மிதந்து போகும் படத்தை ஒரு தேர்தல் சமயத்தில் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். வெளியிலிருந்து யாரோ அனுப்புகிறார்கள், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது என்றார்கள். ஏலக்கூடத்தில் எல்லாரும் சேர்ந்துதான் பார்த்தோம். என் நாத்தனார் காசாம்பு உற்றுப் பார்த்துவிட்டு, "இது நம்ம கோவிந்தன் தொலைச்ச ஐஸ் பெட்டி மாதிரில்ல இருக்கு" என்றார். கூடமே சிரித்தது. ஆனால் சிரித்த நாங்களும் அந்த வாரம் முழுக்க உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் தூங்கினோம்.

முதலில் எண்பது என்றுதான் வைத்திருந்தார்கள். அதை எழுபதாகக் குறைக்கச் சொன்னது எதிர்க்கட்சி. மக்களின் பயத்தை அரசு மதிக்கவில்லை என்று வெளிநடப்பு செய்தார்கள். நடவடிக்கையை நிறுத்தும் அதிகாரம் எந்த அதிகாரியிடமும் இருக்கக் கூடாது, அதிகாரி விலை போய்விடுவான், மக்கள் மனசு விலை போகாது என்றும் பேசினார்கள். இரண்டு பக்கமும் கைதட்டி நிறைவேற்றினார்கள். என் வீட்டுக்காரருக்கும் அது பிடித்திருந்தது. "ஒரு எடத்துலயாவது நம்ம மனசக் கேட்டு ஒண்ணு நடக்குதே" என்றார். எனக்கும் அப்போது தவறாகத் தோன்றவில்லை. நான் நூலகத்துப் புத்தகங்களை வரிசையாக வாசித்து முடிக்கிறவள். எதிலும் இதைப் போல ஒன்றைப் படித்ததில்லை.

நகரங்களில் எண் ஏறினால் தெருக்களை மூடினார்கள். கடலோரத்தில் துறைமுக வாய்க்கு இரும்பில் மிதவைக் கதவு போட்டார்கள். முன்பென்றால் அதனால் பெரிய தொந்தரவு இருந்திருக்காது. மணலில் எங்கு வேண்டுமானாலும் படகை ஏற்றலாம். கடல் அரிப்புக்கென்று கரை நெடுகக் கல் கொட்டிய பிறகு எங்களுக்கு மணலே இல்லை. உள்ளே வர அந்த ஒரு வாய்தான்.

இனி எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடல் முறுக்கிக்கொண்ட நாளில் படகு வரத் தாமதமானால் அந்த வீட்டுப் பெண் கரைக்கு வந்து நிற்பாள். படகு வரும்வரை கடலுக்கு முதுகு காட்ட மாட்டாள். அவளைத் தனியாக நிற்க விடவும் மாட்டோம். கடலில் ஆள் இல்லாத வீட்டுப் பெண்களும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்பார்கள். பேச்சு வார்த்தை இல்லாதவர்கள்கூட அன்றைக்கு வருவார்கள். ஒருத்தியின் பயம் ஒருத்தியோடு போய்விடக் கூடாது என்பதுதான் அதன் அர்த்தம். அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. எங்கள் ஊரில் பெண்ணாகப் பிறந்தால் தானாக வந்துவிடும்.

அன்று பிற்பகல் வாடைக் காற்று திடீரென்று பலத்தது. காலையில் போன படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மூன்று மட்டும் வரவில்லை. அதில் ஒன்று எங்களுடையது. நான் கல்லின் மேல் ஏறி நின்றேன். அந்த வருஷம் ஆவணியில் கல்யாணமாகி வந்த ஜீவிதா என் பக்கத்தில் நின்றாள். அவள் புருஷனும் எங்கள் படகில்தான் போயிருந்தான். கொஞ்ச நேரத்தில் ஊரே வந்துவிட்டது. மழை சாய்வாக அடித்தது.  மூன்று படகும் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தபோது எல்லார் வாயிலிருந்தும் ஒரே மூச்சு வந்தது. அதே நேரத்தில் பின்னால் சங்கு ஊதியது. திரும்பிப் பார்த்தால் பலகை சிவப்பாக இருந்தது. கதவு மூடிக்கொண்டிருந்தது.

கதவருகே இருந்த கண்காணிப்புக் கூண்டில் ரூபன் என்ற பையன் வேலை பார்த்தான். உள்ளூர்க்காரன் இல்லை, ஒப்பந்தத்தில் வந்த இன்ஜினியர். நாங்கள் ஓடிப்போய்க் கதவைத் திறக்கச் சொன்னோம். அவன் முகம் எங்கள் முகத்தைவிட வெளுத்திருந்தது.

"எங்கிட்ட சாவி கிடையாதுக்கா. கலெக்டர்கிட்டயும் கிடையாது. நான் பேசிட்டேன். நீங்கதான் சாவி."

"என்னா சொல்ற?"

"பலகையில எண்பத்து நாலு காட்டுது. எழுபதுக்குக் கீழ எறங்கினா தானாத் தொறந்துரும். வேற வழியே வைக்கல."

காசாம்பு கேட்டார், "அங்க இருக்குறவங்க எங்க ஆளுங்கடா. அவங்களுக்காகத்தான் பயப்படுறோம். அது ஒம் மெஷினுக்குத் தெரியாதா?"

"எதுக்குப் பயம்னு அதுக்குத் தெரியாதுக்கா. கேக்கவும் கூடாதுன்னு சட்டம்."

"பட்டையக் கழட்டி வீசிட்டா?"

"கழட்டினா நூறுன்னு எடுத்துக்கும். மெரட்டிக் கழட்ட வச்சிருப்பாங்கன்னு கணக்கு."

"அப்ப ஆம்பளைங்க கழட்டி மாட்டிட்டுத்தானே போறாங்க?"

"கடலுக்குப் போறவங்க வார்டுல சேத்தி இல்லக்கா. அவங்க பட்டைய எண்ணுறதில்ல."

நானும் அப்போதுதான் அதைத் தெரிந்துகொண்டேன். கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்த எண்ணில் பங்கே இல்லை.

காசாம்புக்கு வேகமாக முடிவெடுக்கத் தெரியும். ஏலம் விட்டுப் பழகியவர். கரையில் நின்றவர்களைப் பார்த்து, கடலில் ஆள் இல்லாதவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போங்கள், அடுப்பு மூட்டுங்கள், டீ போடுங்கள், பிள்ளைகளுக்குத் தலை வாருங்கள் என்றார். யாரும் நகரவில்லை. எங்களை விட்டுவிட்டுக் கடலுக்கு முதுகு காட்டிப் போக யாருக்கும் கால் வரவில்லை. "நீங்க நிக்கிறதுதான் அவங்கள வெளிய நிறுத்துது. போங்கடி" என்று அவர் கல்லை எடுத்து ஓங்கினார். அதன் பிறகுதான் போனார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஒருத்தியைக் கரையில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்ததை அன்றுதான் நான் பார்த்தேன்.

எங்களை மட்டும் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். கடலைப் பார்க்காதீர்கள், என் மூஞ்சியைப் பாருங்கள் என்றார். பிறகு கிண்டல் பண்ண ஆரம்பித்தார். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம் சுறாப் புட்டு என்று ஒன்றைச் செய்து வைத்ததையும், அதைத் தன் தம்பி நாய்க்குப் போட, நாய் மோந்து பார்த்துவிட்டு அவரையே பரிதாபமாகப் பார்த்ததையும் சொன்னார். ஜீவிதாவிடம் திரும்பினார்.

"ஒம் புருஷன் இருக்கானே, கடல்ல பொறந்து வளந்தவன். ஒன்னப் பொண்ணு பாக்க வந்த பஸ்ஸுல மூணு எடத்துல வாந்தி எடுத்தான். ஒங்கப்பாருகிட்ட மாப்பிள்ள வெரதம்னு சொல்லி வச்சோம்."

ஜீவிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு கலந்து வந்த சிரிப்பு. ஆனாலும் சிரிப்புத்தான். ரூபன் கூண்டிலிருந்து எண்ணைப் படித்தான். எண்பது. எழுபத்தாறு. காசாம்பு நிறுத்தவில்லை. செத்துப் போன தன் மாமியாரையும் விட்டு வைக்கவில்லை. எழுபத்து மூன்று. நான் என் மணிக்கட்டை மடியில் வைத்து, அது வேறு யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தொன்று என்றான் ரூபன்.

அப்போதுதான் வீடுகளில் தொலைக்காட்சி பேச ஆரம்பித்திருக்கிறது. வார்டுகளின் எண்ணைச் சேனல்கள் எந்த நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் வார்டு எண்பத்து நான்கைத் தொட்டதும் பறக்கும் கேமராவை அனுப்பியிருக்கிறார்கள். மழைக்குள் மூன்று படகுகள் கதவுக்கு வெளியே அலைவதைக் காட்டி, "அடையாளம் தெரியாத மூன்று படகுகள்" என்று போட்டார்கள். வீட்டில் டீ போட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு அவை யாருடைய படகுகள் என்று தெரியும். பெயர் சொல்லி, கட்டியிருந்த கொடியின் நிறம் சொல்லி அடையாளம் காட்ட முடியும். ஆனால் அந்த இசையும் சிவப்பு எழுத்தும் வந்தபோது நெஞ்சு தானாக அடித்துக்கொண்டது என்று பிறகு சொன்னார்கள். பக்கத்து வார்டு சிவந்தது. அதற்கடுத்த வார்டும் சிவந்தது. இடைத்தேர்தலுக்கு வந்திருந்த அமைச்சர் நேரலையில் தோன்றி, "உங்கள் பயம் எனக்குக் கேட்கிறது. கதவுகள் மூடியிருக்கின்றன. ஒருவரும் உள்ளே வர முடியாது" என்று உறுதி சொன்னார். எதிர்க்கட்சி வேட்பாளர் கதவு மூடத் தாமதமானது ஏன் என்று கேட்டார்.

ரூபன் எண்ணைப் படிப்பதை நிறுத்திவிட்டான். நாங்களே எழுந்து பார்த்தோம். தொண்ணூற்று மூன்று.

கூண்டிலிருந்த மைக்கில் எங்கள் படகின் குரல் வந்தது. கடலில் ஒயர்லெஸ்ஸை மைக் என்றுதான் சொல்வார்கள். ரூபன் என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தான். இரைச்சலுக்குள் அவர் குரல் சிரிப்போடு வந்தது.

"என்ன குமுதா, கருவாட்டக் கருக்குனது பத்தாதுன்னு கதவயும் சாத்திப்புட்டியா?"

நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். 

"அந்தப் பய சொன்னான். நீங்க பயந்தா தொறக்காதாமே. பயப்படாத. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"எனக்குப் பயமா இல்ல" என்றேன்.

என் மணிக்கட்டில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அவரால் அதைப் பார்க்க முடியாது என்பது மட்டும்தான் ஆறுதலாக இருந்தது.

"தெக்க அடுத்த தொறைக்குப் போயிப் பாக்குறோம். டீசல் கொஞ்சந்தான் இருக்கு. அக்காகிட்டச் சொல்லு" என்றார். மைக் நின்றுவிட்டது.

தெற்கே அடுத்த துறையும் அதற்குள் சிவந்திருந்தது. அவர்களுக்கு அது தெரிந்திருக்காது. ஒரு படகு எங்கள் கண் முன்னால் கல் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. மற்ற இரண்டும் தெற்கே திரும்பியதைப் பார்த்தோம். பிறகு மழைதான் தெரிந்தது. தெற்குத் துறைக்கு ரூபன் பேசினான். வந்தார்கள், கதவுக்கு வெளியே நின்றார்கள், இப்போது காணவில்லை என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எத்தனையோ முறை யோசித்துவிட்டேன்.  காசாம்பு தரையில் உட்கார்ந்தார். ஜீவிதா என் தோளில் சாய்ந்தாள். என் நெஞ்சு மெதுவாக அடித்தது, மிக மெதுவாக. பயப்படுவதற்கு ஏதாவது மிச்சமிருக்க வேண்டும். எங்களுக்கு எதுவும் மிச்சமில்லை. வீடுகளிலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் எங்களுக்குப் பின்னால் இரும்பு உரசும் சத்தம் கேட்டது.

"தொறந்துருச்சுக்கா" என்றான் ரூபன்.

சொல்லிவிட்டுக் கூண்டின் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அடுத்த வாரம் வேலையை விட்டுப் போய்விட்டான்.

சிலர் உடலாகக் கரை ஒதுங்கினார்கள். பெரும்பாலானவர்கள் ஒதுங்கவில்லை. அவரும் இல்லை, ஜீவிதாவின் புருஷனும் இல்லை.

எங்கள் பயம்தான் அவர்களைக் கொன்றது என்று ஒரு பத்திரிகை எழுதியது. பரிதாபப்பட்டுத்தான் எழுதினார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. புருஷன் கடலில் இருக்கும்போது பயப்படுவது குற்றமில்லை. அதை எண்ணாக்கிக் கதவில் கட்டியது நாங்கள் இல்லை. சாலையில் உட்கார்ந்தோம். கதவே வேண்டாம் என்று கேட்டோம். எந்தக் கட்சியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கதவை எடுத்தால் மற்ற வார்டுகளில் எண் ஏறிவிடும் என்றார்கள். அது உண்மையும்கூட. கதவை எடுக்கப் போகிறார்கள் என்ற வதந்திக்கே உள்நாட்டு நகரங்களில் தெருக்களை மூட வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். கடலுக்குப் போனவர்களையும் இனிமேல் வார்டுக் கணக்கில் சேர்ப்பார்கள். கரையை விட்டுப் போகும்போது பட்டை கடைசியாகக் காட்டிய அளவுதான் அவர்கள் திரும்பும்வரை அவர்களுடைய அளவு. பெரிய வெற்றி என்று சொல்லி மாலை போட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள் அதை வெறும் சமாதானப் பேச்சு என்றே நினைத்தோம்.

காசாம்புதான் முதலில் புரிந்துகொண்டார்.

வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். உடல் கிடைக்காதவர்களுக்கு ஏழு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை, குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால் இறப்புச் சான்றிதழ் தருகிறோம், நிவாரணம் வரும், பட்டையையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். நல்ல மனிதர். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பேசினார். காசாம்பு அவருக்கு டீ கொடுத்தார்.

"எந் தம்பி கடலுக்குப் போயிருக்கான் சார். இன்னும் வரல" என்றார்.

"அம்மா, இவ்வளவு நாளாச்சே."

"வருவான் சார். நீங்க டீயக் குடிங்க."

வந்தவர் என்னைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய பட்டையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. வற்புறுத்தாமல் போய்விட்டார். எந்த வீட்டிலும் கையெழுத்துக் கிடைக்கவில்லை.

நான் ஜீவிதாவிடம் மட்டும் தனியாகப் பேசினேன். அவள் அப்பா அம்மா அவளை அழைத்துப் போக வந்து கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். புருஷன் உயிரோடு இருப்பதாகக் காகிதத்தில் இருக்கும்வரை அவளுக்கு வேறு வாழ்க்கை கிடையாது.

"நீ போட்டுடுடி. ஒனக்கு வயசு கெடக்கு. ஒருத்தர் கொறஞ்சா ஒண்ணும் ஆயிடாது."

அவள் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள், "ஒருத்தர் கொறஞ்சா எத்தன புள்ளி ஏறும்க்கா?"

எங்களுடையது சின்ன வார்டு. எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"அப்ப இருக்கட்டும்" என்றாள்.

போன ஐப்பசியில் அதே போல வாடை பலத்தது. ஐந்து படகுகள் வரவில்லை. ஊரே கரைக்கு வந்தது. இப்போதும் நாங்கள் ஒருத்தியைத் தனியாக நிற்க விடுவதில்லை. அந்தப் பழக்கத்தை விடச் சொல்லி அரசாங்கத்திலிருந்து ஆலோசனை சொல்ல வந்த பெண்ணைக் காசாம்பு ஏலம் விடுவதுபோல் பேசி அனுப்பிவிட்டார். நாங்கள் நின்றோம், வேண்டிய மட்டும் பயந்தோம். பலகை அறுபது தாண்டியது. அறுபத்தைந்து தாண்டியது. அறுபத்தெட்டில் போய் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. எங்கள் எல்லாருடைய துடிப்பையும் ஆணிகளில் தொங்கிய பட்டைகள் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. ஐந்து படகுகளும் திறந்த வாய் வழியாக உள்ளே வந்தன. கோவிந்தன் மகன் கரையேறி, ஏன் எல்லாரும் என்னையே இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டான்.

இந்த வருஷம் மாவட்டத்திலேயே மிகத் துணிச்சலான வார்டு என்று எங்களுக்கு விருது கொடுத்தார்கள். கதவு வந்த பிறகு மக்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்பதற்கு நாங்கள் சான்றாம். அமைச்சர் வந்து பேசினார். கேடயத்தை ஏலக்கூடத்தில் பலகைக்குக் கீழே மாட்டியிருக்கிறார்கள். காசாம்பு அதன் ஆணியில் தராசைத் தொங்கவிட்டிருக்கிறார்.

ஏழு வருஷம் முடியும்போது அவர்களே கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதற்குள் என்ன செய்வது என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் ஒரு வழியும் தெரியவில்லை. காற்று மாறும்போதெல்லாம் எழுந்து போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அவருடைய பட்டைக்குச் சார்ஜ் போடுகிறேன். துடைத்துத் திரும்ப அதே ஆணியில் மாட்டுகிறேன். பச்சைப் புள்ளி எரிகிறது. பக்கத்தில் பதினொன்று.